வெண்ணெய் வாடை

இந்தத் தேநீரில் பால் லேசாக அடிப்பிடித்திருக்கிறது, மேடம். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், பாத்திரத்தை மாற்றிக் காய்ச்சச் சொன்னால் சரியாகிவிடும். நீங்கள் குடித்து முடித்துவிட்டீர்கள், அந்தக் காவலர் இரண்டாவது டம்ளர் ஊற்றிக்கொண்டிருக்கிறார், இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அது உங்கள் தப்பும் இல்லை. மூக்கு எல்லோருக்கும்தான் இருக்கிறது, பலருக்கு அது மூச்சு விடுவதோடு சரி. எனக்கு அதுதான் தொழில்.

“கேஸைத்தான் முடிச்சாச்சே, இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. விபத்து என்று நீங்கள் முடிவு செய்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதில் ஒரே ஒரு விஷயம் தப்பாகப் போயிருக்கிறது, அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். எது என்று எடுத்த எடுப்பில் சொன்னால் உங்களுக்குப் புரியாது. முதலிலிருந்து சொல்கிறேன், அந்த நாற்காலியைக் கொஞ்சம் இப்படி இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

எங்கள் இடத்தை நீங்கள் எரிந்த பிறகுதான் பார்த்தீர்கள். அதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். பழைய லாரிப் பட்டறை அது. கூரையை உயர்த்தி, தரையைத் தேய்த்து, ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் தொட்டிகளை வரிசையாக நிறுத்தினேன். மறுபக்கம் அக்காவின் சமையலறை. நடுவில் சாப்பிடுகிறவர்களுக்கு மேசைகள். தொட்டி அறைக்கும் சமையலறைக்கும் இடையே பின்பக்கமாக ஒரு நடுக்கதவு உண்டு. நான் பீர் காய்ச்சுவேன், அவள் சமைப்பாள். சொந்த அக்கா. அம்மா போன பிறகு எனக்குத் தலை துவட்டி, சட்டை மாட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள். அவளைப் பற்றி நான் ஒரு சொல் தப்பாகப் பேச மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பீர் என்றால் கடையில் வாங்கி மூடியைத் திருகுகிற சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னுடையது அப்படி இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்புச் சாற்றை மட்டும் வடித்தெடுத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, புளிக்க ஈஸ்டைச் சேர்த்து, பிறகு பிள்ளையைத் தூங்க வைத்த மாதிரி சத்தம் போடாமல் காத்திருக்க வேண்டும். கோதுமை பீர் ஒன்று, வறுத்த பார்லியில் கறுப்பு பீர் ஒன்று, நல்ல கசப்பாக ஒன்று, ஆக மூன்று ரகம். ஒவ்வொன்றுக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்காவின் சமையலையும் சொல்ல வேண்டும். என் கறுப்பு பீரில் ஊறவைத்துச் சுட்ட கோழி. எலும்பிலிருந்து கறி தானாகவே கழன்று வருகிற ஆட்டுத்தொடை. உருளைக்கிழங்கை அவள் இரண்டு தடவை பொரிப்பாள், கடித்தால் பக்கத்து மேசைக்குக் கேட்கும். எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் ஊர் முழுக்கப் பேசியது அதை இல்லை, ரொட்டியை. சாற்றை வடித்த பிறகு பார்லிச் சக்கை மிஞ்சும். அதை ஒரு பால்காரர் மாட்டுக்கு அள்ளிக்கொண்டு போவார். ஒரு நாள் அக்கா அதில் ஒரு வாளியை எடுத்துக் கொண்டுபோய் மாவோடு பிசைந்து ரொட்டி சுட்டாள். அன்றோடு பால்காரரின் மாடுகளுக்கு யோகம் முடிந்தது. அந்த ரொட்டிக்காக ஜனம் வாசலில் நிற்க ஆரம்பித்தது. நான் சத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு தூக்கிப் போடுகிற சக்கையை அவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். சத்து டம்ளரில் பாதி குடித்தபடி அப்படியே இருக்கும்.

இதில் எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை, மேடம். வியப்பு.

ஒரு வாரப் பத்திரிகையில் எங்களைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதினார்கள். கோழிக்கு ஒரு பத்தி, ஆட்டுத்தொடைக்கு ஒரு பத்தி, ரொட்டிக்கு மட்டும் இரண்டு. கடைசி வரியில் என்னைப் பற்றி: “குடிப்பதற்கும் ஏதோ தருகிறார்கள்.” அக்கா அதை உரக்கப் படித்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “ஏதோ தர்றவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுப்பு வேலை இருக்கு” என்று என்னை இடுப்பால் இடித்துவிட்டுப் போனாள். மேசைகளைக் கவனிக்கிற பையனுக்கு நெட்டை என்று பேர், அவன் உயரத்துக்கு வேறு பேர் வைக்க முடியாது. அவன் அன்று முதல் ஆர்டரை இப்படித்தான் கத்துவான்: “ஒரு கோழி, ரெண்டு ரொட்டி, ஒரு ஏதோ!” நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சின்னத்தனமாகத் தெரியும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் கல்லாப்பெட்டி ஓரம் நின்று ருசி பார்ப்போம். அவள் சமையலை நான், என் பீரை அவள். முதலில் முகர வேண்டும், பிறகு வாயில் வைக்க வேண்டும், தோன்றியதை அப்படியே சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் அக்கா தம்பி கிடையாது, மனசு நோகுமே என்று இழுக்கக் கூடாது. விதி போட்டவன் நான்தான். ஒரு நாள் காலை அவள் கோதுமை பீரை முகர்ந்தாள், நெற்றியைச் சுருக்கினாள், இன்னொரு தடவை முகர்ந்தாள்.

“டேய், இதுல வெண்ணெய் வாடை அடிக்குதுடா.”

நான் வாங்கி முகர்ந்தேன். எதுவும் இல்லை. கோதுமை, கொஞ்சம் வாழைப்பழம், அவ்வளவுதான்.

“பழைய வெண்ணெய். டப்பாவைத் தொறந்தா குப்புன்னு வருமே, அது. கசப்பு பீர்லயும் போன வாரம் இருந்துச்சு. சரி, நமக்குத்தான் தோணுதோன்னு விட்டுட்டேன்.”

அவள் சொன்ன குறை தொழிலில் இருக்கிற குறைதான். ஈஸ்ட் ஒரு கட்டத்தில் அந்த வாடையை உண்டாக்கும், இன்னும் இரண்டொரு நாள் வெதுவெதுப்பில் விட்டால் தானே அதைத் தின்றுவிடும். அவசரப்பட்டுக் குளிர வைத்தால் அப்படியே தங்கிவிடும். நான் அவசரப்படுகிறவன் இல்லை. ஈஸ்ட் வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வாடை இல்லை. வாடை இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் முகர்ந்தேன். இதில் என்ன ஓட்டை இருக்கிறது, சொல்லுங்கள்.

“இன்னும் ரெண்டு நாள் விட்டுத்தான் பாரேன், குடியா முழுகிடும்?” என்றாள். நான் விடவில்லை. அவளும் அதை அதோடு விட்டிருந்தால் நாம் இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர், தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். ஊருக்கெல்லாம் கண்ணுக்கு வழி செய்துவிட்டு, சாப்பிடும்போது மட்டும் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வார். ஒரு சனிக்கிழமை கடை நிறைந்திருக்கிறது, அக்கா அவர் மேசைக்கு ரொட்டி கொண்டு வருகிறாள். அவர் டம்ளர் பாதியில் நிற்கிறது. “ஏன், வெண்ணெய் வாடையா இருக்கா?” என்று கேட்டாளே. அவர் கண்ணைத் திறந்தார். “அட, ஆமாம்மா. நானும் ரொம்ப நாளா நினைச்சேன். சொன்னா தம்பி கோவிச்சுக்குமேன்னு இருந்துட்டேன்.” பக்கத்து மேசைப் பெண் திரும்பி, “வெண்ணெய் போட்ட சோளப்பொரி மாதிரி இல்ல? நான் இதுதான் இங்க ஸ்பெஷல்னு நினைச்சேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டோடு நடுவில் நின்றேன். மூக்கை அறுத்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை, அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனாலும் நான் கோபத்தில் எதையும் செய்கிறவன் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு மூக்கு இருக்கிறது. ஒன்று வாடை உண்டு என்கிறது, ஒன்று இல்லை என்கிறது. இரண்டும் சரியாக இருக்க முடியாது. ஒன்று இதற்காகவே பழக்கிய மூக்கு. இன்னொன்று நாள் முழுக்க வெங்காயத்திலும் எண்ணெய்ப் புகையிலும் வெந்துகொண்டிருக்கிற மூக்கு. எது கெட்டிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். கண்ணாடிக்காரரும் அந்தப் பெண்ணும் அக்கா சொன்ன பிறகுதான் சொன்னார்கள், ஒருத்தி கொட்டாவி விட்டால் எல்லோரும் விடுவதில்லையா. ஆக, அக்காவின் மூக்குதான் போய்க்கொண்டிருக்கிறது. நான் பொய் சொல்லவே இல்லை, மேடம். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவளையும் அந்த முடிவுக்குக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. மூன்று கோப்பை வைப்பார்கள். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறானது எது என்று முகர்ந்தும் ருசித்தும் சொல்ல வேண்டும். குடிக்கிறவன் ஏமாற்றவே முடியாத சோதனை. வைக்கிறவனைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அக்காவின் ஆட்டெலும்புச் சாற்றையே மூன்று கோப்பையிலும் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன்.

அவள் மூன்றையும் குடித்தாள். மறுபடியும் குடித்தாள். “மூணும் ஒண்ணுதானேடா?”

நான் நடுக் கோப்பையை அவள் பக்கம் தள்ளினேன். “இல்லக்கா. நடுவுல இருக்கறதுல ஒரு ஸ்பூன் உப்பு கூடப் போட்டிருக்கேன்.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. நடுக் கோப்பையை எடுத்து மிச்சத்தையும் குடித்தாள். “கூடவா?” என்றாள். “எனக்குத் தெரியலையேடா.” நான் அவள் தோளில் கை வைத்தேன். அக்கா எப்போதுமே என்னை நம்புகிறவள். சின்ன வயதில் பால் திரிந்திருக்கிறதா என்று என்னைத்தான் முகரச் சொல்வாள். “நம்ம வீட்டுலயே உனக்குத்தான்டா நாக்கு” என்று அவளே சொல்லிச் சொல்லித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

மூக்கு டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். தம்பி என்ற கடமை இருக்கிறதல்லவா. அவர் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார், எதையெதையோ முகரக் கொடுத்தார், “உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, நல்ல மூக்கு” என்றார். வரும் வழியில் அக்காவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. “அக்கா, டாக்டருக்கு மூக்கோட ஓட்டைதான் தெரியும். வாசத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? காபிப்பொடியையும் சோப்பையும் நீட்டினா யாருக்கும் தெரியும். அது ஞாபகம். போன மூக்கு கொஞ்ச நாளைக்கு ஞாபகத்துல வாசம் காட்டும், எங்க தொழில்ல இதை நிறையப் பார்த்திருக்கோம்” என்றேன். அப்படி எதையும் நான் பார்த்ததில்லை. வாயில் வந்தது. ஆனால் சொல்லும்போதே அது சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு அவள் எதையும் தன்னால் முடிக்க மாட்டாள். கரண்டியைக் கையில் ஏந்திக்கொண்டு கண்ணாடித் தடுப்பு வரை வருவாள். “உப்பு பாருடா.” பார்ப்பேன். சரியாக இருக்கும், அது தெரியும் எனக்கு. ஆனால் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அவள் மூக்கும் நாக்கும் சரியாக இருக்கிறது என்றாகிவிடும். அதனால், “இன்னும் கொஞ்சம்” என்பேன். போடுவாள். மறுபடி வருவாள். “கொஞ்சம்” என்பேன். தட்டுகள் பாதியில் திரும்பி வர ஆரம்பித்தன. “உப்புக் கண்டத்தையே வறுத்துட்டாங்களா?” என்று யாரோ கேட்டதை நெட்டை உள்ளே வந்து சொல்லிவிட்டான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். என்னைவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. அந்த மாதங்களில் பீர் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு டம்ளர் கேட்டவர்கள் மூன்று கேட்டார்கள். பாதியில் நிற்கிற டம்ளரே இல்லை. எனக்குத் தெரியும், நல்ல சரக்கை ஜனம் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடிக்கும். நெட்டை ஒரு நாள் டம்ளரைக் கழுவிக்கொண்டே, “உப்பு அள்ளிப் போட்டா தண்ணி தவிக்கும்ணே, குடிக்கத்தானே செய்வாங்க” என்றான். “அதுவுமில்லாம, அக்கா மூக்கு நல்லாத்தான்ணே இருக்கு. நான் செண்ட் மாத்தினதை வாசல்லயே கண்டுபிடிச்சுட்டாங்க.” நெட்டைக்கு பீரைப் பற்றி என்ன தெரியும். அவனை வெளி மேசைகளுக்கு மாற்றினேன்.

அக்கா மெலிந்துபோனாள். கையில் கிடைத்ததையெல்லாம் முகர்ந்துகொண்டே இருப்பாள், சோப்பு, மஞ்சள்பொடி டப்பா, தன் முந்தானை, ஒரு தடவை என் சட்டைக் காலர். முகர்ந்துவிட்டுத் திருடியவள் மாதிரி என்னைப் பார்ப்பாள். “வாசம் வருதுடா. ஆனா அது நிஜமா வருதா, ஞாபகத்துல வருதான்னு எனக்குத் தெரியல” என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடுத்த நாள் காலை ருசி பார்க்கிற நேரத்தில் அவள் கோதுமை பீரை முகர்ந்தாள், ஒரு வாய் குடித்தாள், டம்ளரை வைத்தாள்.

“நல்லா இருக்குடா. வெண்ணெய் எல்லாம் என் மூக்கு பண்ணின வேலைதான் போல. பாவம், உன்னை எவ்வளவு பேசிட்டேன்.”

நான் பின்பக்கம் போய் அழுதேன், மேடம். சந்தோஷத்தில். அவ்வளவு வருஷத்தில் அவள் என் பீரை நல்லா இருக்கு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். ஒரு ஹோட்டல்காரர் அன்று மதியம் வருவதாக இருந்தது. ஊரில் அவருக்குப் பல ஹோட்டல்கள், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பீர் எடுக்கலாம் என்று பேச்சு. புதிதாகக் காய்ச்சிய கோதுமை பீரை ஒரு திறந்த தொட்டியில் விட்டிருந்தேன், நுரை கட்டி அழகாக வந்திருந்தது. நெட்டை இன்னும் வரவில்லை. முன்பக்கக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சமையலறை அடுப்புக்குப் போகிற ரப்பர் குழாயில் விரிசல் விட்டிருந்தது என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். இருக்கலாம். அந்தக் குழாயை நான் தொடவில்லை, அப்படி ஒன்று நடக்கப்போகிறது என்றும் எனக்குத் தெரியாது. அதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். அந்த மாதிரி வேலையெல்லாம் செய்கிற ஆள் நான் இல்லை.

அக்கா நடுக்கதவண்டை வந்து நின்றாள். கை முழுக்க மாவு.

“டேய், என்னமோ வாடை வருதுடா. கேஸ் மாதிரி. உனக்கு வருதா?”

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பயந்திருக்க வேண்டியவள், பயப்படவில்லை. பல மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில். மூக்கு திரும்பி வந்துவிட்டதோ என்கிற ஆசை. நான் ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு எல்லாம் திரும்பிவிடும்.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும், அவளே ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாள். “இல்லக்கா, ஒண்ணும் வரலையே” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அப்ப ஞாபகம்தான்” என்று சொல்லிச் சின்னதாகச் சிரித்துவிட்டு உள்ளே திரும்பினாள். நான் கொல்லைப்பக்கம் போனேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

உயிர் பிழைத்துக்கொண்டாள், அது பெரிய விஷயம். கை இரண்டும் முகமும்தான் கருகியது. சூட்டையும் புகையையும் உள்ளே இழுத்ததில் மூக்கின் உட்புறம் வெந்துவிட்டது, இனி வாசம் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அதே டாக்டர்தான், நல்ல மூக்கு என்று சொன்னவர். பார்த்தால், நான் சொன்னது கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னதாக ஆகிவிட்டது, அவ்வளவுதான். அக்காவுக்கு என் மேல் ஒரு துளி வருத்தம் இல்லை. “அவன் அப்பவே சொன்னான், நான்தான் மூக்கில்லாம அடுப்புக்கிட்ட நின்னேன்” என்கிறாள். கட்டுப் போட்ட கையால் என்னைத் தடவிப் பார்த்து, “உனக்கு ஒண்ணும் ஆகலையேடா” என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் அவளிடம் வாக்குமூலம் வாங்க வந்தபோது நான் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். “உங்களுக்கு வாசம் தெரியாது, சரி. உங்க தம்பிக்குமா தெரியல?” என்று கேட்டீர்கள். “அவனுக்கும் வரலைங்க. வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டானா?” என்றாள் அவள். நீங்கள் சரி என்று எழுந்து வெளியே போனீர்கள். தாழ்வாரத்தில் அந்தக் காவலரிடம் ஒன்று சொன்னீர்கள், எனக்குக் காது கேட்காது என்று நினைத்திருப்பீர்கள். “என்னய்யா பீர் காய்ச்சுற ஆளு இவன், பத்தடி தள்ளி கேஸ் ஒழுகுறது தெரியல.” அவரும் சிரித்தார்.

நான் அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பேச்சு தெருவுக்கு வந்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வருத்தப்படாதீங்க தம்பி, அக்காவுக்கு மாதிரியே உங்களுக்கும் மூக்கு கொஞ்சம் மந்தம் போல, குடும்பத்துல வர்றதுதான்” என்கிறார். ஆறுதலாம். அந்த ஹோட்டல்காரர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். கேஸ் வாடையே தெரியாதவர் காய்ச்சுகிற பீரை எதை நம்பி வாங்குவது என்று கேட்டாராம். அந்த ஆள் அதை என் முகத்துக்கு நேரே ஒப்பித்துவிட்டுப் போனான். முழுவதும் இடிந்து எரிந்த கடையைக்கூட நான் மறுபடி கட்டிவிடுவேன், மேடம். இதை எங்கே போய்க் கட்டுவது? ஒரு வாரமாகக் கண்ணை மூட முடியவில்லை.

அதனால்தான் வந்தேன். அக்கா பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியாது. நான் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வாடை வந்தது. அவள் கதவண்டை வருவதற்கு முன்பே வந்தது. அழுகின முட்டைக்கோஸ் வாடை, மெல்லிசாகத்தான், கதவிடுக்கு வழியாக. நான் நின்ற இடம் எது தெரியுமா? பொங்கிக்கொண்டிருக்கிற தொட்டிக்குப் பக்கத்தில். ஈஸ்ட், கோதுமை, ஹாப்ஸ் என்று மூக்கைத் துளைக்கிற அத்தனை வாசத்துக்கு நடுவில் அந்த மெல்லிய வாடையைப் பிரித்து எடுத்தேன். ஊரில் வேறு யாராவது இதைச் செய்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். அவள் கேட்டபோது அது இன்னும் ஏறியிருந்தது. இல்லை என்று சொன்னேன். ஆமாம் என்று சொன்னால் அவள் மூக்கு சரி என்றாகும், அது சரி என்றால் மற்றதெல்லாம் என்னவாகும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவள் தீப்பெட்டியை எடுப்பதைப் பார்த்தேன். அந்த வாடை தொட்டிக்குள் இறங்கினால் பீர் கெட்டுவிடும், மதியம் ஆள் வருகிறார், அதனால் நடுக்கதவை இழுத்து நன்றாகச் சாத்தினேன். அது முழுக்க மூடியதா என்று ஒரு தரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கொல்லைப்பக்கம் போனேன்.

எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதற்கு எத்தனை வருஷம் என்று நீங்களும் கோர்ட்டும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். இவனுக்கு மூக்கு இல்லை என்று மட்டும் இனி வெளியே ஒருத்தரும் பேசக் கூடாது.